குப்பி வீரண்ணா பிறவாதிருந்தால்



ஸ்ரீராம்புரத்தில் நடக்கும் இந்த அறக்கட்டளைப் பொழிவின் இந்த ஆண்டுத் தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கலையுலக முன்னோடி ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பிறக்காமலே போயிருந்தால் நம் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம் என நினைத்தேன். தமிழ் மேடை என்பதால் எம்.ஜி.ஆரையோ சிவாஜியையோ எடுப்பேன் என்று உங்களில் சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்திருப்பது குப்பி வீரண்ணாவை. அவர் கன்னட நாடகக்காரர். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களாகிய நமக்கு அவர் அயலார் அல்லர், நாமும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பு.

ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் நடந்து போகிற தூரம். ஒரு தியேட்டரின் பெயரே வட்டாரத்துக்குப் பெயராகி நிலைத்துவிட்ட இடம் அது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல, பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் என்று ஆலை வேலைக்கு வந்து ஊன்றியவை. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. பின்னி மில் என்று நாம் சொல்லும் பெங்களூர் உல்லன், காட்டன், சில்க் ஆலைக் கம்பெனி 1884இல் தொடங்கியது. அதே 1884இல்தான் தும்கூர் பக்கத்துக் குப்பி என்ற சிற்றூரில் சென்னபசவேஸ்வரர் பெயரால் ஒரு நாடகக் கம்பெனியும் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாடகத்தை நாம் கலை என்று மட்டும் பார்க்கிறோம். கம்பெனி நாடகம் ஆலையைப் போலவே ஆளெடுத்து, வேலை கொடுத்து, சோறு போட்ட ஒரு தொழில். வீரண்ணாவின் பெருமையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. வீரண்ணா 1891இல் பிறந்தவர். கம்பெனி அவருக்கு ஏழு வயது மூத்தது. சந்தண்ணா, அப்துல் அஜீஸ் சாகிப் முதலியோர் சேர்ந்து ஆரம்பித்த குழுவில் சிறுபிள்ளையாகச் சேர்ந்தார். நகைச்சுவை நடிகராகப் பேரெடுத்தார். 'சதாரமே' நாடகத்தில் அவர் போட்ட திருடன் வேடத்தைப் பற்றிக் கன்னடத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1917இல் கம்பெனி அவர் கைக்கு வந்தது. மைசூர் மகாராஜா 'நாடக ரத்ன' என்று பட்டம் கொடுத்தார். 1934இல் 'குருக்ஷேத்ரம்' நாடகத்தை நிஜ யானை, நிஜக் குதிரை, தேர் எல்லாம் கொண்டுவந்து நிறுத்தி நடத்தினார். ஊமைப்படக் காலத்திலேயே சினிமாவுக்குள் போய்ப் படம் எடுத்தார், நடித்தார், கையைச் சுட்டுக்கொண்டார், மறுபடியும் எடுத்தார். 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த ஆண்டு அக்டோபரிலேயே மறைந்தார்.

இவரைக் கழித்துப் பார்த்தால் எது மிஞ்சும், எது போகும்?

கண்டுபிடிப்பாளர்கள் விஷயத்தில் விடை பெரும்பாலும் எளிது. பாரிசில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பர் 28. அவர்களைக் கழித்துவிடுங்கள். சினிமா இல்லாமல் போயிருக்காது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, நவம்பர் 1ஆம் தேதி, பெர்லினில் ஸ்க்லடனாவ்ஸ்கி சகோதரர்கள் தங்கள் கருவியில் படம் காட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில், திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அவர் கிளம்பாமல் இருந்திருந்தாலும், சில ஆண்டு தள்ளி வேறொருவர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். வின்சென்டின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. காலம் கனிந்த பொருள் யார் கையாலாவது வந்து சேர்ந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீரண்ணா விஷயத்திலும் பாதி இப்படித்தான். அவர் இல்லாவிட்டாலும் கன்னட நாடகம் இருந்திருக்கும். பெங்களூரிலேயே ஏ.வி. வரதாச்சாரின் ரத்னாவளி குழு பேரோடு இருந்தது. கம்பெனி நாடகத்துக்கு எதிர்த்திசையில் டி.பி. கைலாசம் கன்னட நவீன நாடகத்தை உண்டாக்கினார். கைலாசம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பது இந்த அவையில் பலருக்குத் தெரிந்திருக்கும். நிஜ யானை மேடையேறாமல் இருந்திருக்கலாம். அதனால் உலகம் குடிமுழுகிப் போயிருக்காது. பெண் வேடத்தைப் பெண்களுக்கே கொடுத்தார் என்பதை அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வார்கள். சுந்தரம்மா, பி. ஜெயம்மா போன்றவர்கள் அந்த மேடையில் பெற்ற இடம் பெரியதுதான். ஆனால் அதற்கு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே குழு நடத்திப் புகழின் உச்சிக்குப் போயிருந்தார். கன்னட மேடைக்கு அந்த மாற்றம் சற்றுத் தாமதமாக வந்திருக்கும், வராமல் போயிருக்காது.

அவர் இல்லாவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடியது மனிதர்களை.

இன்றைய ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிக்கு அருகே, காஜனூர் என்ற ஊர். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற, கன்னடம் பேசுகிற சிற்றூர். அங்கே 1929இல் முத்துராஜ் என்ற பிள்ளை பிறந்தான். அப்பா சிங்காநல்லூர் புட்டசாமய்யா குப்பி கம்பெனி நடிகர். இராவணன், கம்சன் போன்ற வேடங்களில் கூட்டத்தை நடுங்க வைத்தவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதிலேயே மகனும் கம்பெனிக்குள் வந்தான். பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றது. பாட்டும் வசனமும் நடையும் கம்பெனியில் படிந்தன. 1954இல் வீரண்ணாவின் குப்பி கர்நாடகா நிறுவனம், ஏ.வி.எம். துணையோடு, எச்.எல்.என். சிம்ஹாவின் இயக்கத்தில் 'பேடர கண்ணப்பா' படத்தை எடுத்தபோது முத்துராஜ் கதாநாயகன் ஆனார். ராஜ்குமார் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். உடன் நடித்தவர், நாம் 'பராசக்தி'யில் பார்த்த பண்டரிபாய்.

அந்தப் படத்தின் கதையை எண்ணிப் பாருங்கள். கண்ணப்ப நாயனார் கதை. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய வேடர், கன்னட மேடையேறி, சென்னையில் படமாகி, காஜனூர்ப் பையனைக் கன்னட நாட்டின் தலைமகனாக ஆக்கினார். இதில் எது தமிழ், எது கன்னடம் என்று பிரித்து எடுக்க என்னால் முடியவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வீரண்ணாவைக் கழித்தால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. புட்டசாமய்யாவுக்கு அவர் நடத்திய குப்பி கம்பெனி இல்லை, ஆகவே மகனுக்கும் இல்லை. சினிமா இருந்திருக்கும். கன்னடத்திலும் யாரோ ஒரு கதாநாயகர் இருந்திருப்பார். ஆனால் படிப்பில்லாத, பணமில்லாத, எல்லையோரக் கிராமத்துப் பிள்ளைக்கு 1950களில் ஸ்டூடியோக் கதவைத் திறந்துவிட வேறு யார் இருந்தார்கள்? காஜனூரில் அவர் நல்ல விவசாயியாக வாழ்ந்து முடிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 200க்கும் மேற்பட்ட படங்கள் இல்லை, அந்தக் குரல் இல்லை. படம் குறைந்து, நடிகர்கள் வருமானமின்றித் தவித்த காலத்தில் ராஜ்குமார், பாலகிருஷ்ணா, நரசிம்மராஜு, ஜி.வி. ஐயர் சேர்ந்து தங்கள் சொந்த முயற்சியில் எடுத்த 'ரணதீர கண்டீரவ' படமும் (1960) இல்லை. இந்த நால்வருமே குப்பி கம்பெனியின் சோற்றில் வளர்ந்தவர்கள். ஐயர் பின்னாளில் எடுத்த 'ஹம்சகீதே'யும், முதல் சமஸ்கிருதத் திரைப்படமான 'ஆதி சங்கராச்சார்யா'வும்கூடப் போய்விடும்.

கலையோடு இது நிற்கவில்லை. 1982இல் கோகாக் கிளர்ச்சி நடந்தது. பள்ளியில் கன்னடத்துக்கு முதலிடம் வேண்டும் என்ற அந்த இயக்கம் எழுத்தாளர்களின் வட்டத்துக்குள் இருந்தவரை ஒரு மாதிரி இருந்தது. ராஜ்குமார் வந்து நின்ற பிறகு மாநிலமே எழுந்தது. அன்றைக்கு இந்தப் பகுதித் தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. தங்கள் மொழி தங்கள் மண்ணில் தழைக்க வேண்டும் என்று கன்னடர்கள் கேட்டதும் நியாயமானது. பிறகு 2000ஆம் ஆண்டு ஜூலையில் காட்டுக் கொள்ளையன் வீரப்பன் ராஜ்குமாரைக் காஜனூரிலிருந்து கடத்திச் சென்று, 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது, பெங்களூர்த் தமிழர்கள் ஒவ்வொரு நாளையும் எவ்வளவு அச்சத்தோடு கழித்தார்கள் என்பதை இங்கே நான் விவரிக்க வேண்டியதில்லை. அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று கன்னடர்களோடு சேர்ந்து நாமும் வேண்டினோம். ஒரு நாடகக் கம்பெனி முதலாளி ஒரு சிறுவனைச் சேர்த்துக்கொண்டதன் விளைவு, ஒரு மாநிலத்தின் மொழி அரசியல் வரை, நம் தெருக்களின் நிம்மதி வரை நீண்டிருக்கிறது.

அடுத்தவர் பி.வி. காரந்த். வீரண்ணாவின் தனித்தன்மை ராஜ்குமாரைவிட இவர் கதையில்தான் துலக்கமாகத் தெரிகிறது. தென் கன்னட மாவட்டத்து மஞ்சியில் பிறந்த காரந்த், சிறு வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து குப்பி கம்பெனியில் சேர்ந்தவர். ஓடிவந்த பையன்களைக் கம்பெனிகள் எப்படி வைத்திருந்தன என்பது தமிழ் நாடக வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். வேடம் போட்டால் சாப்பாடு, குரல் உடைந்தால் கதி என்னவென்று தெரியாது. வீரண்ணா என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பையனின் அறிவைக் கண்டுகொண்டு, காசிக்கு எம்.ஏ. படிக்க அனுப்பி வைத்தார். தன் மேடைக்கு வேண்டிய ஆளை, தானே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய முதலாளி! காசியில் காரந்த் ஓம்கார்நாத் தாகூரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். பிறகு டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மாணவர், பின்னால் அதற்கே இயக்குநர். ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தை யக்ஷகான நடையில் இந்தியில் 'பர்ணம் வன' என்று மேடையேற்றினார். போபாலில் பாரத் பவனின் நாடகக் குழுவை உருவாக்கினார். 1989இல் மைசூரில் ரங்காயணா நாடக அமைப்பைத் தொடங்கி வைத்தார். அவர் இயக்கிய 'சோமன துடி' 1975இல் நாட்டின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது.

குப்பி மேடையின் பாட்டும் ஆட்டமும், காசியின் கல்வியும், டெல்லியின் நவீனமும் ஒரே மனிதருக்குள் கூடின. அந்தக் கூட்டுக்கு வழிசெய்தது காசிக்குக் கொடுத்த ஒரு ரயில் டிக்கெட். வீரண்ணாவைக் கழித்தால் கன்னட நாடகம் மட்டுமல்ல, டெல்லி, போபால் வரை இந்தி நாடகமும் தன் இசையில் ஒரு பகுதியை இழக்கும். என்னைக் கேட்டால், வீரண்ணா செய்த எல்லாவற்றிலும் பெரியது இதுதான். யானையை மேடையேற்றியதைவிடப் பெரியது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். 1935இல் 'சதாரமே' கன்னடப் படமாக வந்தது. வீரண்ணா நடித்தார். கதாநாயகி கே. அஸ்வத்தம்மாவுக்கு அதுதான் முதல் படம். இரண்டே ஆண்டில், 1937இல், எம்.கே. தியாகராஜ பாகவதரோடு 'சிந்தாமணி'யில் சிந்தாமணியாக வந்தார். தமிழ்நாடு அந்தப் படத்தை எப்படிக் கொண்டாடியது என்பதற்கு மதுரையே சாட்சி சொல்லும். படத்தில் கிடைத்த லாபத்தில் அங்கே சிந்தாமணி என்றே ஒரு தியேட்டர் எழும்பியது. 'சிந்தாமணி'யை இயக்கிய ஒய்.வி. ராவ், அதற்கு முன் வீரண்ணாவின் ஊமைப்பட முயற்சிகளில் வேலை பார்த்தவர். 'சதாரமே'யை இயக்கிய ராஜா சந்திரசேகர்தான் பிறகு 1941இல் பாகவதரை வைத்து 'அசோக்குமார்' எடுத்தார். எம்.ஜி.ஆரும் அதில் நடித்தார். ஆக, பாகவதரின் உச்சக்காலப் படங்களில் இரண்டுக்கு வீரண்ணாவின் வாசல் வழியாக வந்தவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

பி.ஆர். பந்துலுவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கோலார் பக்கத்துக்காரர். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' என்று தமிழர்களின் நெஞ்சில் நிற்கும் மூன்று படங்களை எடுத்த கன்னட நாட்டு மனிதர். கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் நமக்குத் திரையில் கொடுத்தவர் அவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அவருடைய தொடக்கத்தில் முகம்மது பீரின் சந்திரகலா நாடக மண்டலிக்கு முக்கியமான பங்கு உண்டு. வீரண்ணா இல்லாமலும் பந்துலு வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரின் வரவை எடுத்து அவர் பெயரில் எழுதக்கூடாது.

இதே கவனத்தோடுதான் ரஜினிகாந்த் பெயரையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தபோது அவர், அன்றைய சிவாஜி ராவ், கன்னடப் புராண நாடகங்களில் துரியோதனன் வேடம் போட்டவர். குருக்ஷேத்ரக் கதையைக் கர்நாடகத்தின் கிராமங்களும் தொழிலாளர் மன்றங்களும் விடாமல் ஆடியதற்குக் கம்பெனி நாடகங்கள் போட்ட பாதை ஒரு பெரிய காரணம். அந்தப் பாதையில் வீரண்ணாவின் கால் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் நூலை இழுத்தால் அறுந்துவிடும். இழுக்க மாட்டேன்.

கம்பெனி வாழ்க்கை சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் படிப்பை இழந்தார்கள். தூக்கம் கெட்டது. ஊர் விட்டு ஊர் போகும் கூடார வாழ்வில் நோயும் கடனும் கூடவே வந்தன. மழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் வசூல் இல்லை, சம்பளம் இல்லை. சினிமா வளர்ந்த பிறகு குப்பி கம்பெனியும் தள்ளாடியது. இவ்வளவுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான வாய்களுக்கு அடுப்பு எரிய வேண்டும். எரிந்தது. அதை ஐம்பது ஆண்டுக்கு மேல் அணையாமல் வைத்திருந்ததைத்தான் நான் முன்னோடியின் வேலை என்கிறேன்.

தமிழில் இதற்கு இணை தேடினால் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் நடிப்பும் கற்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் பெயரை அந்தச் சகோதரர்களில் ஒருவரான அவ்வை சண்முகம் கடைசிவரை ஆசான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற சுவாமிகளின் நாடகங்கள் தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. சுவாமிகள் பாடம் விட்டுச் சென்றார். பாடத்துக்கு ஏடு இருக்கிறது, அச்சுப் புத்தகம் இருக்கிறது. வீரண்ணா விட்டுச் சென்றது ஆட்களை. அவர்கள் போன பிறகு சாட்சிக்கு எதுவும் நிற்பதில்லை. அதனால்தான் தமிழில் சுவாமிகளைத் தெரிந்த அளவுக்குக்கூட வீரண்ணாவை நமக்குத் தெரியவில்லை.

கர்நாடக அரசு அவர் பெயரில் விருது தருகிறது. தும்கூரில் அவர் பெயரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது. பேத்தி பி. ஜெயஸ்ரீ நாடகத்தைத் தொடர்ந்து வளர்த்து, மாநிலங்களவை வரை போனார். கன்னடர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். மீதி நம்முடையது.

அதை இரண்டு வேண்டுகோளாக வைத்து முடிக்கிறேன். முதலாவது, வீரண்ணாவைப் பற்றித் தமிழில் நல்லதொரு வாழ்க்கை வரலாற்று நூல் வர வேண்டும். இரு மொழியும் அறிந்தவர்கள் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிற அளவுக்கு வேறெங்கே இருப்பார்கள்? எழுதுகிறவருக்கு இந்த அறக்கட்டளை ஓராண்டு உதவித்தொகை கொடுக்கலாம். இரண்டாவது, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளில் ஆலைத் தொழிலாளர் மேடையில் நாடகம் போட்டவர்கள், மெஜஸ்டிக்கில் கம்பெனி நாடகம் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரோடு யார் நடித்தார்கள், எந்த மொழியில் பாடினார்கள், எவ்வளவு டிக்கெட் என்று கேட்டு, கையிலிருக்கும் போனிலேயே பதிந்து வையுங்கள். தமிழில் சொன்னாலும் பதியுங்கள், கன்னடத்தில் சொன்னாலும் பதியுங்கள். அடுத்த ஆண்டுப் பொழிவுக்கு முன்பாக அந்தப் பதிவுகளை இந்த அறக்கட்டளையிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.